மூன்று பூ கேட்ட மகளுக்கு

அச்சங்குளம்,
ஆடி 25, ஞாயிறு.

அன்பு மகள் பாண்டிச்செல்விக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, உன் தம்பி முனியராஜ், அவன் பெண்டாட்டி மாரிசெல்வி, இன்னும் பெயர் வைக்காத பேத்தி எல்லோரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அதேபோல அங்கே நீயும் இருப்பாய் என்று எழுதுவதுதான் முறை. நீ அப்படி இல்லை என்று தெரிந்துகொண்டே அதை எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால் சீக்கிரம் தேறிவர வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன். மூன்று வாரத்துக்குப் போனையும் கம்ப்யூட்டரையும் தொடக் கூடாது என்று டப்ளின் டாக்டர் உன்னிடம் சொல்லிவிட்டதால் இந்தக் கடிதம். கடைசியாக உனக்கு நான் கடிதம் எழுதியது நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது, அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் ரேஷன் கடையிலும் பேங்கிலும் கையெழுத்துப் போடத்தான், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நாளைக் காலையில் சாத்தூர் தபாலாபீசில் ஸ்பீடு போஸ்ட் போட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் வந்துவிடும் என்கிறான் முனியராஜ். ஆகஸ்ட் முப்பதாம் தேதிக்குள் உன் ஆபீசில் பதில் சொல்லியாக வேண்டும் என்றாய், அதற்கு முன்னால் இது உன் கையில் கிடைக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் நீ தேடப்போவது ஒரே ஒரு வார்த்தையைத்தான் என்று எனக்குத் தெரியும், வெள்ளையா, சிவப்பா, மஞ்சளா என்று. அதற்காகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. முதலிலிருந்து படி.

ஊர்ச் செய்தி அதிகம் இல்லை. ஆடிக் காற்று வழக்கம்போல வீட்டுக்குள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறது, பெருக்கிப் பெருக்கி எனக்குத் தோள்பட்டை விட்டுப்போனது, மழையைக் காணோம். தீபாவளி சீசன் ஆரம்பித்துவிட்டதால் பட்டாசுக் கம்பெனியில் ஆள் பற்றவில்லை. எனக்கு இந்த வருடமும் கிப்ட் பாக்ஸ் செக்ஷன்தான். ஒரு பெட்டிக்கு இருபத்தைந்து ஐட்டம், எது எந்த மூலையில் இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரிப் பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்திருப்போம், அதைப் பார்த்து அடுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான், யாரும் மூளையைச் செலவழிக்க வேண்டியதில்லை. போனையும் கேட்டிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், ஆக உன் டாக்டர் உனக்கு மூன்று வாரம் சொன்னதை நாங்கள் வருடம் பூராவும் சம்பளத்துக்குச் செய்கிறோம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவகாசி பைபாஸ் ரோட்டில் சீனிவாசகம் வெடிக்கடையில் போய் உட்கார்ந்திருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து காரில் ஒரு புருசன் பொண்டாட்டி வந்தார்கள். கையில் விலைப் பட்டியலைக் கொடுத்தார் சீனிவாசகம், இருநூற்றுச் சொச்சம் ஐட்டம். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் அதைப் படித்தார்கள், டிக் அடித்தார்கள், அடித்ததை அடித்தார்கள், பிறகு அந்தம்மா பட்டியலை மடித்து வைத்துவிட்டு இரண்டு கிப்ட் பாக்ஸ் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. இதற்கா இம்புட்டுத் தூரம் வந்தார்கள் என்று அன்றைக்கு நான் சிரித்தேன். உன் போன் வந்த பிறகு அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

பேத்திக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. உன் தம்பி பெயர் தேடுகிறான். பிரஸ்ஸில் மிசின் ஓடும்போதும் தேடுகிறானாம், போனில் அறுபத்து நாலு பெயர் எழுதி வைத்திருக்கிறான். மாரிசெல்வி பத்தை அழித்தால் இவன் பன்னிரண்டைச் சேர்க்கிறான். பிள்ளை கெட்டிக்காரி, எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறாள். முந்தாநாள் இவன், “எம்மா, அக்காகிட்டயே கேட்டுருவோம், அவ படிச்சவ, நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுப்பா” என்றான். அவளுக்கு இருக்கிற பாடே போதும், பெத்தது நீ, நீயே வையி, அந்தப் பட்டியலை அவளுக்கு அனுப்புனே எனக்குக் கெட்ட கோவம் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் நீ முடிவு எதுவும் சொல்ல வேண்டாம்.

இனி உன் விஷயம். போன ஞாயிறு, போனை எடுத்து வைக்கிறதுக்கு முன்னால் நீ பேசியதை நான் இந்த ஒரு வாரமாக நினைத்துக்கொண்டேயிருக்கிறேன், சரியாகத்தான் பிடித்துக்கொண்டேனா என்று பார். முன்பெல்லாம் உன் வேலை புரோகிராம் எழுதுவது, இப்போது கம்ப்யூட்டரே பத்து விதமாக எழுதிக் கொண்டுவந்து எது வேண்டும் என்று கேட்கிறது, நீ சரி, தப்பு, இது, அது என்று நாள் பூராவும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். உன்னை லீடு ஆக்கிய பிறகு உனக்குக் கீழே இருக்கிற ஒன்பது பேரும் அவரவர் கம்ப்யூட்டர் கொடுத்ததைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வருகிறார்கள். “ஒரு நாளைக்கு முந்நூறு தடவ சரி தப்பு சொல்றேம்மா, அதுல ஒண்ணு தப்பாப் போனாலும் ஏம் பேருதான்” என்றாய். அதற்கப்புறம் தயிர் வாங்கக் கடைக்குப் போனாய், நாற்பது நிமிசம் தயிர் அலமாரி முன்னால் நின்றாய், எதை எடுப்பது என்று தெரியாமல் வெறுங்கையோடு வெளியே வந்து ரோட்டோரம் உட்கார்ந்து அழுதாய். மறுநாள் டாக்டரிடம் போனாய், அவர் லீவு எழுதிக் கொடுத்தார். இதற்கு நடுவில் உன் மேனேஜர் கார்க் என்கிற ஊரில் இன்னும் பெரிய பொறுப்பு இருக்கிறது, முப்பதாம் தேதிக்குள் சொல் என்கிறார். போவதா, இருக்கிற இடத்திலேயே இருப்பதா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுவதா. மூன்றையும் எழுதி வைத்துப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது என்றாய். கடைசியில், “எம்மா, என்னால முடியல. நீ மல்லாங்கிணத்துக்குப் போயி சாமிகிட்ட பூக்கட்டிப் பாத்துருமா. வெள்ளைன்னா கார்க், செவப்புன்னா இங்கன, மஞ்சன்னா ஊரு. எது வந்தாலும் அதத்தான் செய்வேன், ஏன்னு கேக்க மாட்டேன். லெட்டர்ல பூவ மட்டும் எழுதிரு” என்றாய். நான் சரி என்றேன். வேலையே உனக்கு ஒத்துவரவில்லை என்றால் அதை விட்டுத் தொலை புள்ள என்றும் சொன்னேன். அதற்கு நீ, “எப்பிடிம்மா விடுறது, சாமி குடுத்த வேலைல்ல. நானா எடுத்துருந்தா எப்பவோ விட்டுருப்பேன்” என்றாய். அந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்று பின்னால் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் உன் அப்பாவைப் பற்றி ஒன்று. அவர் போர்மேனாகி இருபத்தாறு வருடம் ஆகிறது. காலையில் ஆறு மணிக்குக் கம்பெனி மைதானத்தில் நின்று வானத்தையும் காற்றையும் பார்த்து இன்றைக்கு மருந்து கலக்கிற ரூம்பைத் திறக்கலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் அவர். வேண்டாம் என்றால் அத்தனை பேருக்கும் அன்றைக்கு வேலை இல்லை. திற என்று சொல்லி அது தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. அதற்கப்புறம் சாயந்திரம் வரை ஆள் மாற்றி ஆள் வந்து அவரைக் கேட்டுக்கொண்டேயிருப்பார்கள், இந்தத் தட்டு காய்ந்ததா, அந்த லோடை இறக்கலாமா, இந்தப் பிள்ளைக்குக் கை நடுங்குது உள்ளே விடலாமா என்று. அந்த மனுசன் வீட்டுக்கு வந்ததும் நான், தோசை ஊத்தவா சோறு வைக்கவா என்று கேட்பேன். பேந்தப் பேந்த முழிப்பார். “எதையாச்சும் குடு” என்பார். ஒரு சேலை எடுக்கக் கூட்டிக்கொண்டு போனால் எது மேலே கிடக்கிறதோ அது நல்லாருக்கு என்பார். குடும்பத்தில் ஒட்டுதல் இல்லாத மனுசனுக்கு வாக்கப்பட்டுவிட்டேன் என்று நான் எத்தனை நாள் பாத்திரத்தை உருட்டியிருக்கிறேன் என்று உனக்கே தெரியும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் முடிவெடுக்கலாம் என்று தலைக்கு ஒரு அளவு இருக்கிறது, அது தீர்ந்துவிட்டால் தயிர் எடுப்பதுகூட மலையாகிவிடும் என்று உன் டாக்டர் சொன்னதாக நீ சொன்னாய் அல்லவா, அன்றைக்குத்தான் எனக்கு இவர் விளங்கினார். இந்த ஒரு வாரமாக நான் கேட்பதில்லை, எது தோன்றுகிறதோ அதைச் செய்து வைக்கிறேன், அவரும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துபோகிறார். கல்யாணமான இத்தனை வருடத்தில் சாப்பாட்டுச் சண்டை இல்லாத வாரம் இதுதான். உன் நிலைமையை அவரிடம் சொன்னபோது முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, “அவ ரூம்புல போர்டு இல்லியாக்கும்?” என்று கேட்டார். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு ரூம் வாசலிலும் உள்ளே எத்தனை பேர், எத்தனை கிலோ மருந்து என்று எழுதி மாட்டியிருப்பதைத்தான் சொல்கிறார். அதற்கு மேல் ஒரு ஆள் கால் வைத்தாலும் வெளியே தள்ளிவிட்டுத்தான் மறுவேலை. உன் ஆபீசில் அப்படி ஒரு போர்டு உண்டா என்று எனக்குத் தெரியாது, லீவு முடிந்து போனதும் அந்த மேனேஜரிடம் கேட்டுப் பார்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். விருதுநகரில் இறங்கி மல்லாங்கிணறு பஸ் பிடித்து, விலக்கு ரோட்டில் இறங்கி ஒன்றரை மைல் கரிசல் காட்டில் நடந்தேன், உழுது போட்ட காடு மழைக்குக் காத்துக் கிடக்கிறது, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. நம் குலசாமி இருளப்பசாமி எப்போதும்போல வெயிலில் நின்றுகொண்டிருந்தார். பூசாரி ராக்கப்பனுக்கு வயசாகிவிட்டது, ஆனால் வாய் அப்படியே இருக்கிறது. நான் மூன்று பூ என்றதும், “ஏத்தா, காலங்காலமா செவப்பு வெள்ளைன்னு ரெண்டுதான் கட்டுறாக. சாமிக்கு மூணாவது நெறம் எவன் சொல்லிக்குடுத்தான்? ஒம் மக வெளிநாடு போனா சாமியும் படிக்கணுமாக்கும்” என்றார். பிள்ளைக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறதே, நான் என்ன செய்ய என்றேன். “ஒம் பாடு, கட்டு” என்று விளக்கை ஏற்றப் போய்விட்டார். நம் வகையறாவில் வீட்டுப் பொம்பளைதான் பூப்பறித்து, கோயிலுக்குப் பின்னால் யாரும் பார்க்காமல் ஒவ்வொன்றையும் ஒரு இலையில் மடித்து ஒரே மாதிரி பொட்டலமாகக் கட்ட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். பொட்டலத்தைச் சாமி முன்னால் போட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டும். எடுத்ததைப் பிரித்துப் பார்க்கலாம். எடுக்காததைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிட வேண்டும். நான் பின்னால் இருக்கிற அரளிச் செடிகளில் பறித்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இலையை எடுத்து மடிக்கப் போகும்போது மடியைப் பார்க்கிறேன், வெள்ளை ஒன்று இருக்கிறது, சிவப்பு ஒன்று இருக்கிறது, மஞ்சள் ஐந்தாறு கிடக்கிறது. ஒன்று போதும் என்கிறபோது மஞ்சளை மட்டும் எதற்காக இத்தனை பறித்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் எனக்குத் தெரிந்ததுதான்.

ஏன் என்றால் நான் இதை முன்னாலும் செய்திருக்கிறேன். நீ பிளஸ் டூ முடித்த வருடம் மதுரைப் பக்கம் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சீட்டும் கிடைத்தது, விருதுநகரில் உன் சிநேகிதி சேர்ந்த காலேஜில் கணக்குப் படிக்கவும் இடம் கிடைத்தது. எட்டு நாள் நீ சாப்பிடாமல் கொள்ளாமல் யோசித்தாய். உனக்குக் கணக்குதான் ஆசை, ஆனால் எல்லோரும் மற்றதைச் சொன்னதால் குழம்பிப்போனாய். கடைசி நாளுக்கு முந்தின நாள் பூக்கட்டிப் பார்ப்போம் என்று நீயேதான் சொன்னாய், வெள்ளை வந்தால் கம்ப்யூட்டர், சிவப்பு வந்தால் கணக்கு. நானும் நீயும் அப்பாவும் போனோம். கோயிலுக்குப் பின்னால் நான் தனியாக உட்கார்ந்து முதல் இலையில் வெள்ளையை வைத்துக் கட்டினேன். இரண்டாவது இலையை எடுத்தேன், அதிலும் வெள்ளையை வைத்துக் கட்டினேன். சிவப்புப் பூவைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். ராக்கப்பன் பேத்தி ஒரு பொட்டலத்தை எடுத்தாள், வெள்ளை வந்தது, நீ அதைக் கண்ணில் ஒற்றித் தலையில் வைத்துக்கொண்டாய். இன்னொன்றை நான்தான் கிணற்றில் போட்டேன். அவ்வளவுதான் நடந்தது. கணக்குப் படித்தால் விருதுநகரோடு நின்றுவிடுவாய், இங்கேயே ஒருத்தனுக்குக் கட்டிவைப்போம், வேலை கிடைக்காத வருடத்தில் சீசன் என்றால் உன்னையும் மருந்து ரூம்புக்குக் கூப்பிடுவார்கள், நீயும் போவாய் என்று எனக்குப் பயம். பதினோரு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள் நான், என் பயம் எனக்கு. நீ வெளியே போக வேண்டும் என்று ஆசைப்பட்டதற்கு நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. அதை என் வாயால் உன்னிடம் சொல்லாமல் சாமி பெயரில் சொன்னேன் பார், அதற்குத்தான் வருத்தம். அம்மா சொல்கிறாள் என்றால் நீ மல்லுக்கு நின்றிருப்பாய், அழுதிருப்பாய், கடைசியில் எதையோ ஒன்றை நீயே எடுத்திருப்பாய். அந்த வாய்ப்பை நான் உனக்குக் கொடுக்கவில்லை. அதைச் சாமி கொடுத்தது என்று நீ பதிமூன்று வருடமாகத் தலையில் தூக்கிச் சுமக்கிறாய் என்பது எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும்.

அதனால் செவ்வாய்க்கிழமை நான் பொட்டலம் கட்டவில்லை. கட்டியிருந்தால் மூன்றிலும் மஞ்சளைத்தான் வைத்திருப்பேன். நீ ஊருக்கு வர வேண்டும் என்று எனக்கு அம்புட்டு ஆசையாக இருக்கிறது, இதை ஒளித்துவைத்து என்ன ஆகப்போகிறது. எல்லாப் பூவையும் அள்ளிக்கொண்டுபோய் அப்படியே சாமி காலில் போட்டுவிட்டு, அன்றைக்கு நடந்ததை வாய்விட்டே சொன்னேன். பின்னால் ராக்கப்பன் நிற்பதைக் கவனிக்கவில்லை. இதற்கு என்ன பரிகாரம், கிடாய் வெட்டவா, பொங்கல் வைக்கவா என்று அவரைக் கேட்டேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டே, “பதிமூணு வருசமா பேசாம இருக்குற சாமிய இப்ப எதுக்குத்தா எழுப்புறே? போயி ஒம் மககிட்டச் சொல்லு” என்று சொல்லிவிட்டுத் திருநீற்றைக் கொடுத்தார். அதைத்தான் ஒரு தாளில் மடித்து இதோடு வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். பதிமூன்று வருடம் மறைத்ததற்கு ஒரு ஏச்சாவது விழும் என்று பார்த்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையைக்கூடத் தூக்காமல் “தெரியும்” என்றார். எப்படித் தெரியும் என்றேன். “செவப்புப் பூவ கைக்குள்ள வச்சு நசுக்கிக்கிட்டே விருதுநகர் வரைக்கும் வந்தயே. ரெண்டு பொட்டலத்துல ரெண்டு பூவும் போயிருந்தா இது எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு பாத்தேன்” என்றார். தெரிந்துகொண்டே ஏன் கேட்கவில்லை என்று கத்தினேன். “கேட்டா சரியா தப்பான்னு நான் ஒண்ணு சொல்லணும்ல” என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு. அன்றைக்கு ராத்திரி சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார், ஆக அவருக்கும் மனசு கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். ஆகவே நீ கோவப்படுவதாக இருந்தால் இரண்டு பேர் மேலும் படு. முழுக்க என் மேலேயே போட்டாலும் சரிதான், பொட்டலம் கட்டியவள் நான்.

எந்தப் பூ என்று நீ கேட்டதற்கு என் பதில் இதுதான், எந்தப் பூவும் இல்லை. கார்க்குக்குப் போ என்றோ அங்கேயே இரு என்றோ ஊருக்கு வா என்றோ நான் எழுதப்போவதில்லை. எழுத ஆரம்பித்தால் என் கை எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீ வந்தால் மாடி ரூம் காலியாகத்தான் இருக்கிறது, முனியராஜ் அதில் பேப்பர் பண்டல் அடுக்கியிருக்கிறான், அரை நாளில் எடுத்துவிடலாம். வராவிட்டாலும் நாங்கள் ஒன்றும் குறைந்துபோகப் போவதில்லை, நீ இல்லாமல்தான் இத்தனை வருடம் இருக்கிறோம். நீ எழுதி வைத்த மூன்றையும் விட்டு நாலாவதாக ஒன்றைச் செய்தாலும் சரி. லீடு வேண்டாம், பழையபடி நான் எழுதிக்கொண்டு மட்டும் இருக்கிறேன் என்று அந்த மேனேஜரிடம் சொல்ல முடியுமா என்று எனக்கு ஒரு யோசனை வந்தது, உங்கள் ஆபீசில் அப்படியெல்லாம் உண்டோ இல்லையோ. கணக்கு மேல் உனக்கு இன்னும் ஆசை இருந்தால் அதையும் நினைத்துப் பார், முப்பத்தோரு வயது ஒன்றும் பெரிய வயது இல்லை. இது புத்திமதி இல்லை, எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

சின்ன விஷயங்களில் வேண்டுமானால் நான் முடிவு சொல்கிறேன், அதனால் யார் வாழ்க்கையும் கெடாது. தயிர் வாங்கப் போனால் மேல் தட்டில் இடது கைப்பக்கம் முதலில் இருப்பதை எடுத்துக்கொண்டு வந்துவிடு, புளித்தால் மோராக்கு. காலைச் சாப்பாட்டுக்குத் தினமும் ஒரே சாப்பாடு சாப்பிடு, பள்ளிக்கூடம் போன பன்னிரண்டு வருடமும் நீ இட்லியைத் தின்று வளர்ந்தவள்தான். டாக்டர் கொடுத்த மாத்திரையை நேரத்துக்குப் போடு. வெயில் வருகிற நாளில் வெளியே போய் நில். இந்தக் கடிதத்தை ஒரு தடவை படித்தால் போதும், திரும்பத் திரும்பப் படித்து அம்மா உள்ளுக்குள் என்ன நினைத்து எழுதினாள் என்று தேடாதே, உள்ளுக்குள் இருந்ததையெல்லாம் வெளியே எழுதிவிட்டேன். கோவம் இருந்தால் அது தணியும் வரை பேச வேண்டாம், தணியாவிட்டாலும் ஆவணி முடிவதற்குள் ஒரு தடவை உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடு, அப்பா கேட்க மாட்டார், ஆனால் காதை இங்கேதான் வைத்திருப்பார்.

உடம்பும் மனசும் தேறி நீ நன்றாக இருக்க வேண்டும். இருளப்பசாமி துணையிருப்பார், நான் அவர் பெயரைக் கெடுத்தும் அவர் உன்னைக் கைவிட்டதில்லை. முப்பதாம் தேதியை மறக்காதே, அன்றைக்கு நீ சொல்லப்போவது எதுவாக இருந்தாலும் எங்கள் ஆசீர்வாதம் அதற்கு உண்டு. சாமி குடுத்த வேலையை எப்படி விடுவது என்று கேட்டாய். அதைக் கொடுத்தது நான்தான் செல்வி. என் பேச்சைத் தட்ட உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, மூன்று வயதிலிருந்து தட்டிக்கொண்டுதான் இருக்கிறாய்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஊ. இருளம்மாள்